கேட்டது ஒன்று, ஏறியது நான்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு மடிக்கணினி திணறத் தொடங்கினால் அது கடைசியில் டவுனில் இருக்கும் சர்வீஸ் கடைக்குத்தான் போகும். “வைரஸ் ஏறிடுச்சு, பார்மட் போடணும்” என்பது அங்கே வழக்கமாகக் கிடைக்கும் பதில். சில நூறு ரூபாய் கைவிட்டுப் போகும். அதோடு போனால் பரவாயில்லை. கல்லூரிக்குச் செய்து வைத்த புராஜெக்ட், அக்கா கல்யாணப் படங்கள், ஸ்கேன் எடுத்து வைத்த சாதிச் சான்றிதழ் என்று எல்லாம் சேர்ந்தே அழிந்துபோகும். பல நேரங்களில் அந்தக் கணினியில் வைரஸ் என்று சொல்லத்தக்க எதுவும் இருந்திருக்காது. எப்போதோ இலவசமாக இறக்கிய ஒரு வீடியோ பிளேயரோ, பி.டி.எஃப். மாற்றியோ தன்னோடு கூட்டிவந்த நான்கைந்து வேண்டாத மென்பொருள்கள்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

மரக்காணத்தை ஒட்டிய மீனவக் கிராமம் எக்கியார்குப்பம். 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது அந்தப் பெயரை நாடே கேட்டது. அதற்கு முன்போ பின்போ அந்தக் கரையின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசியது குறைவு. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் உப்பளங்களும் கழுவெளி ஏரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை இல்லை. ஆண்டில் இத்தனை மாதம் வருமானம் தடைப்படும் வீடுகளில் கணினி என்றால் அரசு கொடுத்த மடிக்கணினி, அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இணையம் என்றால் அப்பாவின் போனில் இருந்து எடுக்கும் ஹாட்ஸ்பாட். காசு கொடுத்து மென்பொருள் வாங்குவது நடக்காத காரியம். ஆகவே எழுதுவதற்கு, படம் பார்ப்பதற்கு, சான்றிதழைச் சுருக்கி விண்ணப்பத்தில் ஏற்றுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் இலவசப் பதிவிறக்கம்தான் வழி.

இணையத்தில் இலவசத்தைத் தேடிப் போகிறவர்களையே குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. வசதியுள்ளவருக்கு அது ஒரு எரிச்சல். தினசரி டேட்டா தீர்ந்துபோனால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டிய வீட்டுக்கு அது நஷ்டம்.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

ஒரு மென்பொருளை எப்படி ஏற்றுவது என்று புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு நாம் சொல்லித்தருவது என்ன? “நெக்ஸ்ட் நெக்ஸ்ட் குடுத்துக்கிட்டே போ, கடைசியா ஃபினிஷ் குடு.” இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அந்த வியாபாரமே நிற்கிறது.

திரையில் வரும் மூன்றாவது, நான்காவது பெட்டியைக் கவனித்துப் பாருங்கள். ‘எக்ஸ்பிரஸ்’ என்ற தேர்வு பெரிதாக, பளிச்சென்று, பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற குறிப்போடு இருக்கும். ‘கஸ்டம்’ அல்லது ‘அட்வான்ஸ்டு’ என்ற தேர்வு சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியாதது போல மங்கிக் கிடக்கும். முதலாவதை அழுத்தினால், கீழே பொடி எழுத்தில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உலாவிக்கு ஒரு டூல்பார் வரும். முகப்புப் பக்கமும் தேடுபொறியும் பெயர் தெரியாத ஏதோ ஒன்றாக மாறும். ‘உங்கள் கணினியில் நூற்றுக்கணக்கான பிழைகள்’ என்று பயமுறுத்தி, சரிசெய்யக் காசு கேட்கும் துப்புரவு மென்பொருள் ஒன்று குடியேறும். ஒரு மாதத்துக்குப் பிறகு பணம் கேட்கும் ஆன்டிவைரஸ் ஒன்றும் சேர்ந்துகொள்ளலாம். 2015 மார்ச்சில் மியூடோரண்ட் என்ற பிரபலமான மென்பொருளோடு ‘எபிக் ஸ்கேல்’ என்ற ஒன்று வந்து, கணினியின் உழைப்பை எடுத்துக் கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்படுத்தியதாகப் பயனர்கள் கொதித்தார்கள். மின்கட்டணம் நம்முடையது, நாணயம் அவர்களுடையது.

ரேஷன் கடையில் அரிசி, பருப்பு வாங்கப் போனால் உப்புப் பாக்கெட்டையும் டீத்தூளையும் தலையில் கட்டும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்று கூட்டுறவுத் துறையே அறிவுறுத்த வேண்டியிருந்தது. அந்த டீத்தூளாவது வீட்டில் ஒரு மூலையில் சும்மா கிடக்கும். கணினிக்குள் ஏறியது சும்மா கிடக்காது. நீங்கள் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள், எதைத் தேடுகிறீர்கள் என்று குறித்து அனுப்பும், விளம்பரங்களை இறக்கும், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், அதற்கெல்லாம் உங்கள் டேட்டாவையே செலவழிக்கும்.

தலைக்கு இத்தனை சென்ட்

இதில் யாருக்கு என்ன லாபம்? கூகுள் ஆய்வாளர்களும் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஓராண்டு ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிறுவல் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் தரும் இடைத்தரகு நிறுவனங்களைப் பற்றியது அது. தன் மென்பொருளை எப்படியாவது லட்சக்கணக்கான கணினிகளில் ஏற்ற நினைப்பவர் தரகு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறார். தரகர் அதில் ஒரு பங்கை, மக்கள் விரும்பி இறக்கும் இலவச மென்பொருளை வைத்திருக்கும் தளத்துக்குத் தருகிறார். ஒரு கணினிக்கு 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை விலை; எந்த நாட்டுக் கணினி என்பதைப் பொறுத்து அது மாறும். இந்த வலைப்பின்னல்களால் வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட பதிவிறக்க முயற்சிகள் நடப்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள். தீங்கிழைக்கும் மென்பொருள்கள் தொடர்பான முயற்சிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இது. இந்த நிறுவிகளில் பல, கணினியில் எந்த ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று முதலில் மோப்பம் பார்த்துவிட்டு, மாட்டாத சரக்கை மட்டும் இறக்குகின்றன என்பதையும் கண்டார்கள்.

இது ஏதோ மூலைச் சந்துத் தளங்களின் வேலை என்று நினைத்தால் தவறு. உலகமே நம்பிய பெயர்கள் இதைச் செய்திருக்கின்றன. சிநெட் நிறுவனத்தின் டவுன்லோடு.காம் தளம், என்மேப் என்ற நெட்வொர்க் சோதனைக் கருவியைத் தன் சொந்த உறையில் சுற்றி, டூல்பாரோடு சேர்த்து வழங்குவதை அதன் ஆசிரியர் கார்டன் லயன் 2011 டிசம்பரில் அம்பலப்படுத்தினார். தன் பெயரை நம்பி வருகிறவர்களை இப்படி நடத்துகிறீர்களே என்று அவர் வெளிப்படையாகக் கேட்க, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 1999-இல் தொடங்கி, கட்டற்ற மென்பொருள்களின் தாய்வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ் 2013-இல் ‘டெவ்ஷேர்’ என்ற பெயரில் அதே வழியில் இறங்கியது. ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளைச் செய்தவர்கள் அதைப் பிடிக்காமல் வெளியேறினார்கள். வெளியேறியவர்களின் பக்கத்தையே சோர்ஸ்ஃபோர்ஜ் ‘கைவிடப்பட்டது’ என்று எடுத்துக்கொண்டு, 2015 மே மாதத்தில் விளம்பர உறையோடு ஜிம்ப்பை வழங்கியது. தளம் கைமாறிய பிறகு, 2016-இல் புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள்.

ஆரக்கிளின் ஜாவா கதையைக் கணக்குத் தணிக்கை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு ஜாவா கேட்ட காலம் அது. விண்டோஸில் அதை ஏற்றும்போதும், பாதுகாப்புக்காகப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், ‘ஆஸ்க்’ டூல்பாருக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். வரித் தாக்கலுக்காக இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடமும் அந்த டூல்பார் தள்ளப்பட்டது. அந்த டூல்பாரின் பழைய பதிப்புகளைத் தேவையற்ற மென்பொருள் என்று மைக்ரோசாஃப்ட் 2015 ஜூனில் வகைப்படுத்தியது.

கடையில் புதிதாக வாங்கிய கணினியும் தப்பவில்லை. லெனோவோ நிறுவனம் 2014-இல் விற்ற நுகர்வோர் மடிக்கணினிகள் சிலவற்றில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. வங்கித் தளத்துக்கும் நமக்கும் நடுவே உள்ள பூட்டையே அது திறந்து பார்க்கும் விதத்தில் செய்யப்பட்டிருந்தது என்பது 2015 பிப்ரவரியில் வெளியானது. அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் தந்து 2017-இல் அது தொடர்பான வழக்கை முடித்தார்கள்.

முதலிடத்தில் இந்தியா

2017 ஜூன் முதல் தேதி, செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘ஃபயர்பால்’ என்ற ஒன்றைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்கில் இருந்த ரஃபோடெக் என்ற விளம்பர நிறுவனத்தின் தயாரிப்பு அது. ‘டீல் வைஃபை’, ‘மஸ்டாங் பிரௌசர்’ போன்ற இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து, உலாவியைக் கைப்பற்றிப் போலித் தேடுபொறிகளுக்குத் திருப்பிவிட்டது. உலகம் முழுக்க 25 கோடிக் கணினிகள் பாதிக்கப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். நாடுகளின் பட்டியலில் முதலிடம் இந்தியாவுக்கு: 2 கோடியே 53 லட்சம் கணினிகள்.

இந்த எண்ணிக்கை மிகையானது என்று மைக்ரோசாஃப்ட் அதே மாதம் மறுத்தது. பின்னர் செக் பாயிண்ட்டும் தன் மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டது. எண்ணிக்கையில் சண்டை இருக்கலாம். அது வந்த வழியைப் பற்றி இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இலவசமாக எதையோ கேட்டவரின் கணினியில், கூடவே அது ஏறியது. விளம்பரம் காட்டியதோடு நிற்காமல், தொலைவிலிருந்து வேறு எந்த நிரலையும் அந்தக் கணினியில் இறக்கி ஓட்டும் வசதியும் அதற்கு இருந்தது. அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் சிலரைச் சீனக் காவல்துறை பின்னர் கைது செய்தது.

இந்தியா ஏன் முதலிடம்? என் பார்வையில் இதற்கு மூன்று காரணங்கள். கள்ளப் பிரதி விண்டோஸையும் ‘கிராக்’ ஏற்றிய மென்பொருளையும் வைத்து ஓடும் கணினிகள் இங்கே ஏராளம்; கிராக் கோப்பு வேலை செய்ய ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், அணைத்த கதவு பிறகு திறந்தே கிடக்கும். ஒரு கணினியைப் பலர் பயன்படுத்துவது இரண்டாவது. மூன்றாவதுதான் என்னைக் கோபப்படுத்துவது. ஒப்புதல் கேட்கும் பெட்டி முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண், வழக்கறிஞர் மொழியில் எழுதிய நாற்பது பத்தி ஆங்கில ஒப்பந்தத்துக்குக் கீழே ‘நெக்ஸ்ட்’ அழுத்துவதை ஒப்புதல் என்று எந்த நியாயத்தில் சொல்வது? படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதியது அது. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அதைக் காட்டித்தான் ‘நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்’ என்கிறார்கள்.

செய்தவரின் வாசலுக்குப் போங்கள்

இதிலிருந்து தப்பிக்கும் முதல் வழி எளிது: மென்பொருளை யார் செய்தார்களோ அவர்களிடமிருந்தே இறக்குங்கள். எளிதென்று சொல்கிறேனே தவிர, இந்தியாவில் ஒருமுறை அரசே அதைக் கடினமாக்கியது.

வி.எல்.சி. பிளேயரைத் தெரியாதவர் இல்லை. ஆரஞ்சு நிறக் கூம்புச் சின்னம். பாரிஸில் பதிவான வீடியோலேன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதைத் தருகிறது. விளம்பரம் சேர்த்து வழங்கினால் கோடிக்கணக்கான யூரோ தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக அதன் தலைவர் ழான்-பாப்டிஸ்ட் கெம்ப் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட தளம் 2022 பிப்ரவரியில் இந்தியாவில் முடக்கப்பட்டது. முடக்குவதற்கு முன் தங்களுக்கு அறிவிப்பே வரவில்லை என்றார்கள் அவர்கள். இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் சட்ட உதவியோடு நோட்டீஸ் அனுப்பிய பிறகு, நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த ஒன்பது மாதமும் வி.எல்.சி. வேண்டும் என்று தேடிய மாணவருக்குச் சுத்தமான வாசல் மூடியிருந்தது. அதே பெயரை வைத்துக் கடை விரித்த நூறு வாசல்கள் திறந்திருந்தன. மக்களைப் பாதுகாக்க என்ற பெயரில் எடுக்கும் நடவடிக்கை அவர்களை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

செய்தவரின் தளத்தைக் கண்டுபிடிக்கத் தேடுபொறியின் முதல் முடிவை நம்பக் கூடாது. மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். 2023 தொடக்கத்தில் வி.எல்.சி., 7-ஜிப், ஓ.பி.எஸ். போன்றவற்றின் பெயரில் கூகுள் விளம்பரமாகவே போலித் தளங்கள் வந்து, கடவுச்சொல் திருடும் நிரல்களை இறக்கின. அதைத் தாண்டிக் கீழே வாருங்கள். முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வி.எல்.சி. என்றால் வீடியோலேன்.ஆர்க், லிப்ரே ஆபீஸ் என்றால் லிப்ரேஆபீஸ்.ஆர்க், ஜிம்ப் என்றால் ஜிம்ப்.ஆர்க். நடுவே ஒரு கூடுதல் சொல்லோ கோடோ இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். பக்கத்தில் ‘டவுன்லோடு’ என்று பச்சை நிறத்தில் மின்னும் பெரிய பொத்தான்கள் இரண்டு மூன்று இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை விளம்பரம். விண்டோஸ் 10, 11 உள்ளவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே வி.எல்.சி. போன்ற பல கிடைக்கின்றன; அங்கேயும் வெளியிட்டவர் பெயரைப் பார்த்து எடுப்பது நல்லது.

கோப்பைத் திறந்ததும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இந்தச் செயலியை அனுமதிக்கலாமா? அதில் ‘பப்ளிஷர்’ என்ற வரியில் வெளியிட்டவரின் பெயர் இருக்கும். வி.எல்.சி. கேட்ட இடத்தில் வீடியோலேன் என்று இல்லாமல் நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர் இருந்தால், அந்த நொடியில் ‘நோ’ சொல்லிக் கோப்பை அழித்துவிடுங்கள். பெயர் சரியாக இருந்தால் அடுத்து ‘கஸ்டம்’. ஒவ்வொரு பெட்டியாக நின்று, கேட்காத டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ‘டிக்ளைன்’ அழுத்தினால் மொத்த நிறுவலும் நின்றுவிடுமோ என்று பயம் வரும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். கூட வந்த சரக்கை மறுத்தாலும் பெரும்பாலும் நீங்கள் கேட்டது ஏறும். ஏறவில்லை என்றால், அந்த மென்பொருளே வேண்டாம்.

இன்னொரு பாதுகாப்பு பலர் கணினியில் இருந்தும் கவனிக்கப்படாமல் இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோல்’ என்ற பகுதிக்குள் ‘ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்’ என்பதைப் பாருங்கள். தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் ஸ்விட்ச் அங்கே இருக்கிறது. 2020 மே மாத விண்டோஸ் மேம்படுத்தலில் வந்தது. அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள், காசு கிடையாது.

ஏற்கெனவே ஏறிவிட்டதா? பார்மட் கடைசி வழியாக இருக்கட்டும். செட்டிங்ஸில் செயலிகள் பட்டியலை நிறுவிய தேதிவாரியாக அடுக்கினால், ஒரே நாளில் ஏறிய கூட்டம் கண்ணில் படும். அவற்றை நீக்குங்கள். உலாவியில் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் தெரியாதவற்றை எடுங்கள், தேடுபொறியைத் திருத்துங்கள். மிச்சத்துக்கு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இலவசமாகக் கிடைக்கிறது. அதையும் அவர்கள் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறார்கள். இத்தனையும் செய்து பார்த்த பிறகு சர்வீஸ் கடைக்குப் போங்கள். போனாலும், பார்மட்டுக்கு முன் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துத் தரச் சொல்லி நின்று வாங்குங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி விழும் ஒரு பள்ளத்தையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸுக்கான கூகுள் இன்புட் டூல்ஸை கூகுள் தன் தளத்திலிருந்து எடுத்து நாளாகிறது. ஆனால் ‘தமிழ் டைப்பிங் ஃப்ரீ டவுன்லோடு’ என்று தேடினால் அதை வைத்திருப்பதாகச் சொல்லும் தளங்கள் வரிசைகட்டி நிற்கும். டி.டி.பி. கடைகள் முதல் பள்ளி அலுவலகங்கள் வரை அங்கிருந்துதான் இறக்குகிறார்கள். தேவையே இல்லை. விண்டோஸ் 10, 11-இல் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. எதையும் இறக்க வேண்டாம்.

போனில் வரும் அதே சரக்கு

கடற்கரைக் கிராமங்களில் இன்று கணினியைவிடப் போன்தான் அதிகம். அங்கே இந்த வியாபாரம் ஏ.பி.கே. கோப்பாக, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பாக வருகிறது. சான்றிதழ்களைப் படம்பிடித்து பி.டி.எஃப். ஆக்க எல்லோரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர் செயலியின் விளம்பரப் பகுதிக்குள் தீய நிரல் இருப்பதை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. செயலி நல்லதுதான்; கூட ஒட்டியிருந்தது தீயது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஷேர்இட், யூ.சி. பிரௌசர், செண்டர் ஆகியவையும் இருந்தன. தடைக்குப் பிறகு பலர் அவற்றை ஏ.பி.கே. தளங்களிலிருந்து தேடி எடுத்தார்கள். கடையை மூடியதும் சரக்கு சந்துக்குப் போனது.

இப்போது அடுத்த கட்டம். பி.எம். கிசான் பணம், போக்குவரத்து அபராதம், கல்யாண அழைப்பிதழ் என்று ஏதாவது ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. வருகிறது. தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு 2024-இல் பி.எம். கிசான் பெயரிலான மோசடிச் செயலி பற்றி எச்சரித்தது. தட்டியதும் அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓ.டி.பி. அவர்களுக்குப் போகும். தடைக்கால நிவாரணம், புயல் நிவாரணம் என்று வங்கிக் கணக்கில் அரசுப் பணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வீடுகளுக்கு இதைப் போல ஆபத்தான தூண்டில் வேறில்லை. அரசு எந்த நிவாரணத்தையும் ஏ.பி.கே. அனுப்பித் தருவதில்லை. கடல் நிலவரத்துக்குச் செயலி வேண்டுமானால் பிளே ஸ்டோரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் இருக்கிறது. பெயருக்குக் கீழே வெளியிட்டவர் யார் என்று பார்த்து எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

இதே கரையில் நடந்தது

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் புதுச்சேரி, அதை ஒட்டி வீராம்பட்டினம். அந்த நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினத்தில் ஒரு பழக்கம் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். இலவசப் பதிவிறக்கம்தான் அதுவும். எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று ஒருவர் அறிந்திருந்தார், எடுத்ததைத் தன் ஊரின் மொழியில் எல்லோருக்கும் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமியின்போது, நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் மக்களைக் கரையிலிருந்து விலகச் சொல்லிக் காப்பாற்றியதும் அதே மையங்களில் ஒன்றின் ஒலிபெருக்கிதான்.

எங்கிருந்து எடுப்பது என்று சொல்லித்தரும் அந்த வேலையை இன்று செய்யக்கூடியவர்கள் மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமில்லாமல் கற்றுத்தருகிறது. புதுச்சேரியிலும் சென்னையிலும் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. கணியம் இணைய இதழ் 2012 முதல் இதைத் தமிழில் எழுதிவருகிறது. லினக்ஸில் மென்பொருள்கள் அந்தந்த இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வருகின்றன; டூல்பார் ஒட்டும் தரகருக்கு அங்கே இடம் குறைவு. இதில் வருத்தமான செய்தி என்னவென்றால், அந்த லினக்ஸ் ஏற்கெனவே நம் வீடுகளுக்கு வந்திருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. யாரும் அதைத் திறக்கக் கற்றுத்தரவில்லை. பார்மட் போட்ட முதல் நாளே பல கணினிகளில் அது அழிந்தது.

சட்டமும் கையில் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, பயனரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளில் 13 வகையைப் பட்டியலிட்டுத் தடுத்தது. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, விளம்பரத்தை வேறொன்றாக வேடமிட்டுக் காட்டுவது, தொடர்பில்லாத இன்னொரு செயலியை இறக்கக் கட்டாயப்படுத்துவது எல்லாம் அதில் வருகின்றன. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் புகார் செய்யலாம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழியிலோ பெறும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அன்றைக்கு முன்கூட்டியே போட்ட ஆங்கில டிக் ஒன்று செல்லுமா என்று யாராவது ஒருவர் வழக்குப் போட்டாக வேண்டும்.

2025 மார்ச்சில் தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் ஒரு பக்கத் தாள் வைக்க வேண்டும்: அடிக்கடி தேவைப்படும் இருபது இலவச மென்பொருள்கள், அவற்றைச் செய்தவர்களின் சரியான தள முகவரிகள், ‘கஸ்டம்’ பொத்தான் எங்கே இருக்கும் என்று ஒரு படம், 1930, 1915 என்ற இரண்டு எண்கள். அதே மென்பொருள்களை எல்காட் தன் தளத்திலேயே சரிபார்த்து வைத்தால் இன்னும் நல்லது. இதற்குப் புதிய திட்டமோ தனி நிதியோ வேண்டாம். அடுத்த கட்ட விநியோகத்துக்கு முன் எல்காட் இதைச் செய்ய வேண்டும்.